பத்திரிகையில் போட ஒரு பெயர்

யாழினிக்குச் சடங்கு வைத்த மறுநாள் காலையில், அவள் அப்பா அழகுமலை பல் விளக்கிக்கொண்டே வீட்டுக்குள் வந்து நிமிர்ந்து பார்த்தபோது, சுவரில் மாட்டியிருந்த அத்தனை படங்களிலும் பையன் போய்ப் பெண் வந்திருந்தாள். குலசாமி கோயிலில் மொட்டை போட்டு மாமன் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தையின் காதில் சிவப்புக்கல் தோடு ஏறியிருந்தது, இரண்டாம் வகுப்பு மாறுவேடப் போட்டியில் போலீஸ்காரராக நின்ற படத்தில் மையால் வரைந்த மீசை அப்படியே இருக்கத் தொப்பிக்குக் கீழே இரட்டைச் சடை தொங்கியது, சட்டத்தின் ஓரத்தில் செருகியிருந்த பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் ஒட்டியிருந்த தபால்தலை அளவுப் படத்தில்கூட நெற்றியில் ஒரு சின்னப் பொட்டு இருந்தது. அழகுமலை போய் நுரையைத் துப்பிவிட்டு வந்து இன்னொரு தடவை நிதானமாகப் பார்த்தார். "ஏ புஷ்பம், நம்ம பிள்ளைக்குச் சின்னதுலயே முடி நல்ல அடர்த்திதான்" என்றார். அவர் மனைவி தங்கபுஷ்பம் தோசைக் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, "எங்க அம்மா வழி, உங்க வழின்னா எங்க இருந்து முடி வரும்" என்று சொல்லிக்கொண்டே தோசை தீய்கிறது என்று உள்ளே ஓடினாள்.

அவர்கள் வீட்டோடு நின்றிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்காது, ஆனால் பிள்ளைகளின் படம் அந்தந்த வீட்டில் மட்டுமா இருக்கிறது, கருவேலம்பட்டியில் யார் கல்யாணம் நடந்தாலும் முன்வரிசையில் போய் நின்றுகொள்ளும் பிள்ளையாக யாழினி இருந்தபடியால், பத்து மணிக்குள் பதினேழு வீட்டு ஆல்பங்களிலிருந்து செய்தி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக் குழுப் படத்தில் பையன்கள் வரிசைக்கு நடுவே நீலப் பாவாடையோடு ஒரு பெண் நிற்பதைப் பார்த்த தலைமையாசிரியர், வரிசை தப்பாக நிறுத்திவிட்டதாக அந்தக் காலத்து டிரில் மாஸ்டர் மேல் கோபப்பட்டு, டிராயிங் மாஸ்டரைக் கூப்பிட்டுப் படத்துக்குக் கீழே இருந்த பெயரை மட்டும் மாற்றி எழுதச் சொன்னார். போட்டோ ஸ்டுடியோக்காரர் பழைய நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பிலிம்லயே அப்படித்தான் இருக்கு, நான் பிரிண்ட்ல கை வைக்கல" என்று சத்தியம் செய்தார். ஆதார் மையத்தில் இருந்த பெண், "படம் தானா மாறிடுச்சு சரி, பேரு தானா மாறாது, அதுக்கு மூணு நகல் வேணும்" என்று சொல்லி அனுப்பினாள்.

ஊர் என்றால் அப்படித்தான். முதல் வாரம் வரிசை கட்டிப் பார்த்தது, இரண்டாவது வாரம் 'எனக்கு அப்பவே தெரியும்' என்றது, மூன்றாவது வாரம் தன் காரியத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. கல்யாணப் படத்தில் தனக்குக் கொஞ்சம் முடி வருமா என்று கேட்க வந்த வழுக்கை மாணிக்கம் யாழினி வீட்டில் இரண்டு நாள் காபி குடித்ததுதான் மிச்சம், அவர் தலையில் ஒரு முடியும் முளைக்கவில்லை. தன் கல்யாணப் படத்தில் மணப்பெண்ணைவிட இந்தப் பிள்ளையின் பாவாடை பளபளவென்று இருப்பதாக ஒரு சித்தி மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இதெல்லாம் எப்படி நடந்தது என்று கேட்டவர்களுக்கு ஊரில் ஒரே பதில்தான் இருந்தது. சடங்கு வைத்தார்கள், படம் மாறிவிட்டது.

எல்லாரும் பார்த்துச் சலித்த பிறகும் பார்க்காமல் இருந்தவள் எதிர்வீட்டுச் சீனியம்மாள் ஒருத்திதான்.

சீனியம்மாள் இட்லி மாவு அரைத்து விற்பவள், புருசன் போய் நான்கு வருசமாகிறது, தெருவில் பாதி வீட்டு இட்லி அவள் கிரைண்டரில்தான் பிறக்கிறது, அதனால் எந்த வீட்டுச் சேதியும் தூக்குவாளியோடு அவள் வாசலுக்கு வந்துதான் ஆகவேண்டும். சடங்குக்கு அவளுக்கும் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. 'எங்கள் அன்பு மகள் யாழினியின் பூப்புனித நீராட்டு விழா' என்று ரோஸ் நிற எழுத்தில் போட்டிருந்ததை அவள் ஆறு தடவை வாசித்தாள், பிறகு கிரைண்டர் மூடிக்கு அடியில் செருகி வைத்தாள். பத்தொன்பது வயசுப் பிள்ளைக்குச் சடங்கா என்று கேட்ட தெருக்காரர்களிடம் அழகுமலை, "பொண்ணுன்னு ஆனப்புறம் வைக்காம விட்டா நாளைக்கு நீங்கதானய்யா பேசுவீங்க" என்று சொல்லியிருந்தார். சீனியம்மாள் போகவில்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்று, தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சுக் குடிசை கட்டியதையும், சீர்த்தட்டுகள் வரிசையாக இறங்கியதையும், அத்தைமார் சுற்றி நின்று மஞ்சள் தண்ணீர் ஊற்றியதையும், உளுந்தங்களியை நல்லெண்ணெயில் முக்கித் தங்கபுஷ்பம் தன் மகள் வாயில் திணித்ததையும் ஒன்று விடாமல் பார்த்தாள். மாவு வாங்க வந்தவர்களிடம், "ஓல வாடிப்போயில்ல கெடந்துச்சு, களி கட்டி தட்டியிருந்துச்சாமே" என்றாள். மறுநாளிலிருந்து தங்கபுஷ்பத்துக்கு மட்டும் முந்தின நாள் மாவை அளந்து கொடுத்தாள்.

வயிறு எரிந்தது என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. பத்து வருசத்துக்கு முன்னால், சீனியம்மாளின் ஒரே பிள்ளை பதினேழு வயசில் அவளுடைய கத்திரிப்பூச் சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, புருசன் பெல்ட்டை எடுத்தான், இவள் கதவைத் திறந்து பிள்ளையை வெளியே தள்ளி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். பிள்ளை வாசலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தது, இவள் உள்ளே கிரைண்டரை ஓட விட்டாள், அழுகைச் சத்தம் கேட்கக் கூடாதே என்று. சாயங்காலம் சத்தம் நின்றுவிட்டது. ஒன்பதாம் நாள், வீட்டிலிருந்த படங்களை எல்லாம் எடுத்துப் போட்டு, கத்தரிக்கோலால் பிள்ளையின் முகத்தை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து அடுப்பில் போட்டாள். ஊரில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, எல்லாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று அவளும் பத்து வருசமாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். இப்போது எதிர்வீட்டிலேயே ஒருத்தி அப்படிச் செய்யவில்லையே. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து, தெருவில் யாரும் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து, புளிக்காத மாவு ஒரு வாளி எடுத்துக்கொண்டு தங்கபுஷ்பம் வீட்டுக்குள் போனாள். "வாங்க மதினி" என்ற தங்கபுஷ்பம், பத்து வருசத்தில் இந்தப் படி ஏறாதவள் ஏறியிருக்கிறாளே என்று வியப்பே காட்டாமல், காபி போட உள்ளே போனாள். சீனியம்மாள் சுவரைப் பார்த்தாள். மொட்டைத் தலைப் படம், மீசை வைத்த போலீஸ் படம் எல்லாம் தாண்டி, மூலையில் ஒரு படத்தில் வந்து அவள் கண் நின்றது. பொங்கல் விழாவில் எடுத்தது. எட்டு வயசு யாழினி பட்டுப்பாவாடையும் கனகாம்பரமுமாய்ச் சிரித்துக்கொண்டு ஒரு இடுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், அவளைத் தூக்கி வைத்திருப்பது சீனியம்மாளின் பிள்ளை, பதினாறு வயசு, கட்டம் போட்ட சட்டை, மேல் பட்டன்வரை போட்டிருக்கிறது, மூச்சு முட்டுகிற மாதிரி முகம். அவள் வெட்டாமல் விட்ட ஒரே முகம், இது எதிர்வீட்டில் இருந்தது என்பதால் தப்பித்த முகம்.

ஒரே படம், ஒரே வெயில், ஒரே கண்ணாடிச் சட்டம். ஒருத்தி மாறியிருக்கிறாள், இன்னொருத்தி அந்தச் சட்டைக்குள்ளேயே நிற்கிறாள்.

"காபி ஆறுது மதினி" என்று தங்கபுஷ்பம் சொன்னது காதில் விழவில்லை. சீனியம்மாள் வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, வெட்டிய படங்களை எல்லாம் தரையில் பரப்பினாள். கோயில் கொடை விழாவுக்கு எடுத்த படத்தில் யாழினி பாவாடை கட்டிக்கொண்டு ஒரு ஓட்டையின் கையைப் பிடித்து நின்றிருந்தாள். படம் மாறலாம், ஓட்டை எப்படி மாறும். அடி பாவி, என் வீட்டுப் பெட்டிக்குள்ளேயும் வந்து உன் மகள் பூ வைத்துக்கொண்டு நிற்கிறாளே என்று அவள் தங்கபுஷ்பத்தைத்தான் திட்டினாள், திட்டத் திட்ட அழுகையும் வந்தது.

அழுது முடித்தபோது அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. சடங்கு வைத்ததால்தானே படம் மாறியது. அப்படியானால் தானும் வைத்துவிட வேண்டியதுதான், தன் பிள்ளை படமும் மாறும், அதுவும் அந்தத் தங்கபுஷ்பத்தின் சுவரிலேயே மாறும், தினமும் அவள் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். பிள்ளை எங்கே இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா, கூப்பிட்டால் வருமா என்பதையெல்லாம் அவள் யோசிக்கவே இல்லை. பொறாமைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உசிலம்பட்டியில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, "தாய்மாமன் சீரு கொண்டாரணும், எதிர்வீட்டுக்காரிய விட ஒரு தட்டாவது கூட வரணும்" என்றாள். யாருக்குச் சடங்கு என்று கேட்ட தம்பி, பதிலைக் கேட்டுவிட்டு, "சரிக்கா, வர்றேன்" என்றான். பந்தல்காரருக்குச் சொன்னாள். உளுந்தை நனையப் போட்டுப் பார்த்தாள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் அச்சகத்துக்குப் போனாள்.

அச்சகத்துச் சங்கரபாண்டி மாதிரிப் பத்திரிகைகளை மேசையில் விரித்தார். யாழினி பத்திரிகை எது என்று விசாரித்து, அதைவிடப் பெரியதாக, மயில் போட்டதாக, கதவு மாதிரி இரண்டு பக்கம் திறப்பதாக ஒன்றைச் சீனியம்மாள் தேர்ந்தெடுத்தாள். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், குலசாமி பெயர், தேதி, இடம், காலஞ்சென்ற புருசன் பெயர், தாய்மாமன் பெயர், எதிலும் தடுமாற்றமில்லை.

"பொண்ணு பேரு?" என்றார் சங்கரபாண்டி.

சீனியம்மாள் வாயைத் திறந்தாள். வந்தது அந்தப் பழைய பெயர், பெல்ட்டோடும் தாழ்ப்பாளோடும் ஒட்டிக்கொண்டு வந்த பெயர், அதைச் சொல்லக்கூடாது என்பது அவளுக்கே தெரிந்து வாயை மூடிக்கொண்டாள்.

"ஸ்கூல் பேரு இல்லாட்டியும் பரவால்லக்கா, வீட்ல கூப்புடுற பேரச் சொல்லுங்க."

"வீட்டுல கூப்புடுறதில்ல" என்றாள் சீனியம்மாள்.

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பத்து வருசக் கதை அவருக்கும் தெரிந்ததுதான், சின்ன ஊர். "எல்லாம் அடிச்சிரலாம்க்கா, அந்த எடத்தக் காலியா விட்டு அடிக்க முடியாதுல்ல" என்று தன்மையாகச் சொல்லிப் பேனாவை மூடினார். "கேட்டுட்டு வாங்க. ஏழு மணிவரைக்கும் இருப்பேன்."

யாரிடம் கேட்பது. பெற்ற பிள்ளையின் பெயர் என்னவென்று ஒரு தாய் யாரிடம் போய்க் கேட்பாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தெருவுக்கு நடந்து வந்த அந்த அரை மைல் தூரமும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, எதிரே வந்தவர்களை எல்லாம் பார்த்தாள், இவனுக்குப் பெயர் இருக்கிறது, இவளுக்குப் பெயர் இருக்கிறது, இவள் பெயர் இவள் அம்மாவுக்குத் தெரியும் என்று ஒவ்வொருவர் மேலும் பொறாமைப்பட்டுக்கொண்டே நடந்தாள். கடைசியில் கால் தன் வீட்டுக்குப் போகாமல் எதிர்வீட்டுப் படி ஏறியது.

தங்கபுஷ்பம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள்.

"மதினி, என் பிள்ளைக்கு என்ன பேருன்னு உனக்குத் தெரியுமா?"

தங்கபுஷ்பத்தின் கை கீரையிலேயே நின்றது. "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"வாராவாரம் ஞாயித்துக்கிழம பேசுதே மதினி. போய் ஒரு வருசத்துல இருந்து பேசுது. திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசரா இருக்கு."

சீனியம்மாளுக்குச் சடங்கு, சீர், சுவர்ப் படம் என்று இதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, இதுதான் எரிச்சல். ஒன்பது வருசம். ஒரு தெருவின் அகலம்தான் இடையில், இந்தப் பக்கம் தான் மாவு அரைத்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் ஒருத்தி தன் பிள்ளையோடு வாராவாரம் கொஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறாள். "உனக்கு ஒண்ணு பத்தாதுன்னு என்னதையும் எடுத்துக்கிட்டியா?" என்று கத்தினாள். "பெத்தவ நான் இங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், ஒரு வார்த்த சொன்னியாடி நீ?"

"அது சத்தியம் வாங்கியிருக்கு" என்றாள் தங்கபுஷ்பம். அவளுக்கும் குரல் உயர்ந்துவிட்டது. "அம்மாவா வந்து கேட்டாத்தான் சொல்லணும்னு சத்தியம். நானும் இன்னைக்குக் கேப்பீங்க, நாளைக்குக் கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பத்து வருசமா நீங்க கேக்கவே இல்லையே மதினி!"

சீனியம்மாள் நிலையில் சரிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தங்கபுஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து ஒரு எண்ணை அமுக்கி அவள் கையில் கொடுத்தாள். "பேரையும் அதுகிட்டயே கேட்டுக்கோங்க" என்றாள்.

போன் இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். பின்னால் தையல் மிசின்களின் இரைச்சல், அதற்கு மேல் ஒரு பெண் குரல், பதற்றமாக.

"என்னத்தே, புதன்கிழமையே கூப்புடுறீங்க? அம்மாவுக்கு என்னாச்சு?"

சீனியம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, பேசுங்க. சுகர் கூடிருச்சா? மாத்திர போடுறாங்களா இல்லையா? போன வாரமே சொன்னேன்ல, நீங்க போய்ப் பக்கத்துல நின்னு போட வைங்கன்னு. அத்தே, பயமா இருக்கு, அம்மாவுக்கு என்னாச்சு, சொல்லுங்க."

இந்தப் பொம்பளை எதற்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலை மெனக்கெட்டு வாசலில் நின்று, 'மாத்திர போட்டீங்களா மதினி' என்று கேட்கிறாள், பெரிய டாக்டர் இவள், என்று சீனியம்மாள் எத்தனை வருசம் எரிந்து விழுந்திருக்கிறாள். அவள் தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள். தங்கபுஷ்பம் தலையைக் குனிந்து மறுபடியும் கீரையை உருவ ஆரம்பித்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் சீனியம்மாள். "நான்தான் பேசுறேன்."

மிசின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கதவு திறந்து மூடியது, அந்தச் சத்தமும் நின்றுபோனது. போன் வைக்கப்படவில்லை, மூச்சு கேட்டது.

"உன் பேரு என்னடி?" என்றாள் சீனியம்மாள். "பத்திரிக அடிக்கணும். அச்சகத்துல கேக்குறாங்க."

"என்ன பத்திரிக?"

"உனக்குச் சடங்கு வைக்கப் போறேன்."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. "எனக்கு இருபத்தேழு வயசாச்சு."

"வயசக் கேக்கல. பேரக் கேட்டேன்."

"நான் வர்றேன்னு சொல்லல."

"நீ இன்னும் வரச் சம்மதிக்கலன்னு எனக்குத் தெரியும். தாப்பாளப் போட்டவ நான். அன்னைக்கு வாசல்ல கெடந்து நீ அழுத சத்தம் கேக்கக் கூடாதுன்னு கிரைண்டரப் போட்டவளும் நான்தான். அதுக்கு மாப்புக் கேக்க எனக்கு வாய் வரல, வரும்போது கேக்குறேன். இப்ப பேர மட்டும் சொல்லு, எல்லாத்துக்கும் தெரியுது, எனக்குத்தான் தெரியல. எனக்கு வயித்தெரிச்சலா இருக்குடி."

 தங்கபுஷ்பம் காம்பையும் சேர்த்து உருவிக்கொண்டிருந்தாள்.

"மேகலா" என்றது குரல்.

சீனியம்மாள் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நல்ல பெயராகத்தான் இருந்தது. இருந்தாலும் அவள் எரிச்சல் அவளை விடவில்லை. ஒரு கண்ணால் தங்கபுஷ்பத்தைப் பார்த்துக்கொண்டே, இவள் வைத்த பெயராக இருந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாரு வச்சா?"

"யாரும் வைக்கல. நானேதாம்மா வச்சுக்கிட்டேன்."

அம்மா என்றாள். சீனியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், தங்கபுஷ்பத்துக்கு முன்னால் அழுகிறோமே என்ற எண்ணம்கூட இல்லாமல் அழுதாள். சுவரில் அந்தப் படம் மாறியதா இல்லையா என்று இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. போனில், "அம்மா, அழாதீங்க, சுகர் ஏறும், வச்சுராதீங்க, பேசுங்க" என்று மேகலா சொல்லிக்கொண்டே இருந்தாள், சீனியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, "வைக்க மாட்டேன், நீயும் வைக்காத, பேசிக்கிட்டே வா" என்று எழுந்தாள். அது தங்கபுஷ்பத்தின் போன் என்பதும் அவளுக்கு நினைவில்லை. மணி ஆறேமுக்கால். தங்கபுஷ்பத்தின் செருப்பையே மாட்டிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அவள் அச்சகத்தைப் பார்த்து ஓடினாள்.